பண்டகசாலை மேனேஜர்



எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் (ஊர்ப் பேச்சில் 'ஸ்டோர்') மேனேஜராக இருந்தவர் போன மாதம் காலமானார். வயது எழுபத்தாறு. பத்திரிகையில் படம் போட்டு அஞ்சலி விளம்பரம் எதுவும் வரவில்லை. பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று அவர் வீட்டில் கேட்டேன். "பேரு எதுக்கு? அவுகள யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டா?" என்றார் அவர் மனைவி. உண்மைதான். தாமிரபரணிக் கரையோரத்துச் சின்ன ஊர் அது. அங்கே பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் 'மேனேஜர் சார்'. அவர் பிள்ளைகள்கூட ஊருக்கு 'மேனேஜர் சார் மக', 'மேனேஜர் சார் பையன்' தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எழுத்தாளர்கள், கலைஞர்கள் மறைந்தால் இந்தப் பக்கத்தில் எழுதுவது வழக்கம். ஒரு கடை மேனேஜருக்கு எதற்கு ஒரு பக்கம் என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். கேட்டவருக்கு வயது முப்பதுக்குள். ஸ்டோர் வாசலில் பையோடும் கேனோடும் வரிசையில் நின்று பழக்கமில்லாதவர். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் மளிகைக் கடை என்றாலே அண்ணாச்சி கடை. அண்ணாச்சி முதலாளி. கல்லா அவருடையது, சரக்கு அவருடையது, லாபமோ நஷ்டமோ அவர் பாடு. பிடித்தவருக்கு ஒரு கை கூட அள்ளிப் போடுவார். கூட வந்த பிள்ளையின் கையில் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார். ஏன் என்று யாரும் கேட்க முடியாது. ஸ்டோரில் அதெல்லாம் நடக்காது. அங்கே இருக்கிற ஒவ்வொரு பருப்புக்கும், ஊரில் பத்து ரூபாய்ப் பங்கு வாங்கிய அத்தனை பேரும் முதலாளி. அந்த முதலாளிகள்தான் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர் உள்ளே நின்று, அவர்கள் பொருளை அவர்களுக்கே நிறுத்துக் கொடுத்தார். எந்தப் பிள்ளை கையிலும் அவர் வெல்லம் வைத்ததில்லை. எங்களுக்கு அதில் பெரிய மனக்குறை. 'கஞ்ச மேனேஜர்' என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் அங்கே கட்டுநராகச் சேர்ந்தார். பொட்டலம் கட்டுகிறவருக்கு ரேஷன் கடைகளில் இன்றும் அதுதான் பதவிப் பெயர். 1962இல் சீனப் போர் வந்து விலைவாசி கைமீறிப் போய்விடுமோ என்ற பயம் பிறந்தபோது, நாடு முழுக்க நுகர்வோர் பண்டகசாலைகளைப் பெருக்க மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. எங்கள் ஊர் ஸ்டோர் அந்த அலையில் வந்தது. கட்டுநராகச் சேர்ந்தவர் விற்பனையாளராகி, கூட்டுறவுப் பயிற்சி முடித்து மேலாளரானார். மேலாளர் ஆன பிறகும் மாத முதல் வாரக் கூட்டத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பொட்டலம் போட வந்துவிடுவார்.

அவர் பொட்டலம் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உத்திரத்தில் தொங்கும் நூல் உருண்டையிலிருந்து நூல் தானாக இறங்கி வரும். துவரம்பருப்புக்கு எவ்வளவு தாள், சீனிக்கு எவ்வளவு தாள் என்பது கைக்குத் தெரியும். நான்கு சுற்று, ஒரு முடிச்சு, சுண்டி ஓர் அறுப்பு. ஆனால் என் அம்மா கவனித்தது வேறு. பொருளைத் தாளோடு தட்டில் வைத்தால், அதே அளவு தாள் ஒன்றைக் கிழித்து எடைக்கல் தட்டிலும் வைப்பார். துவரம்பருப்பு விலைக்குப் பழைய பேப்பர் விற்கக் கூடாதாம். ஒரு பொட்டலத்தில் அது என்ன பெரிய எடை? ஒன்றுமில்லைதான். மாதம் முழுக்க எத்தனை பொட்டலம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

அப்போதும் கிழவிகள் வீசை, பலத்தில்தான் கேட்பார்கள். பத்துப் பலம் புளி என்று ஒரு பாட்டி கேட்டால் அவர் கை யோசிக்காமல் இருநூறு, நூறு, ஐம்பது என்று மூன்று கல்லை எடுக்கும். வீசைக்கு நாற்பது பலம், வீசை என்பது ஆயிரத்து நானூறு கிராம், ஆகப் பத்துப் பலம் முந்நூற்றைம்பது கிராம். பாட்டிக்குக் கிராம் தெரியாது, சட்டத்துக்குப் பலம் தெரியாது. இரண்டு பேரையும் அவர் சமாளித்தார். மண்ணெண்ணெய் ஊற்றுவதிலும் அவருக்கென்று ஒரு முறை. பம்பு அடித்ததும் அளவுப் படியில் நுரை பொங்கி நிற்கும். நுரையோடு கவிழ்த்தால் கடைக்கு லாபம். அவர் நுரை அடங்கும்வரை நின்று, குறைந்ததை நிரப்பிவிட்டுத்தான் கேனில் ஊற்றுவார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் 'சீக்கிரம் ஊத்துங்க சார்' என்று கத்துவார்கள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் விலைப்பட்டியலையும் இருப்பையும் கடைவாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று கெடுபிடி வந்தது. கெடுபிடி போனதும் பல கடைகளில் பலகையும் போயிற்று. ஸ்டோர் வாசல் கரும்பலகை மட்டும் அவர் ஓய்வு பெறும்வரை இருந்தது. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸில் எழுதுவார்: சீனி, பாமாயில், கோதுமை, வத்தல், ஒவ்வொன்றுக்கும் நேரே விலை, இருப்பு. 'இருப்பு இல்லை' என்பதையும் அதே அழகான கையெழுத்தில் எழுதுவார். 'உளுத்தம்பருப்பு' என்ற சொல்லை நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தப் பலகையில்தான். இன்று எங்களிடம் வரும் பிழைதிருத்தர்களுக்கும் அந்தக் கையெழுத்தைக் காட்ட ஆசை.

கூட்டுறவில் வேலை பார்த்தவர்களிடம் 'எம்பத்தொண்ணு', 'எம்பத்தேழு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 81ஆவது பிரிவு விசாரணை. 87ஆவது பிரிவு, சங்கத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அதற்குப் பொறுப்பானவரிடமிருந்து வசூலிப்பது. திருடியவருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே காட்டிய அலட்சியத்தால் நஷ்டம் வந்தாலும் அது கழுத்துக்கு வரலாம். சரக்கோ சொன்னபடி கேட்காது. புதுப்புளி காயக் காய எடை குறையும். கருப்பட்டி மழைக்காலத்தில் கசிந்து ஓடும். அரிசி மூட்டையில் சுமைதூக்குகிறவரின் கொக்கி போட்ட ஓட்டை வழியாக வழிநெடுகச் சிந்தும். மண்ணெண்ணெய் பீப்பாயிலிருந்து ஆவியாகும். சீனி மட்டும் அடைமழையில் ஈரம் குடித்துக் கொஞ்சம் கூடும். அந்த லாபம் வெயில் வந்ததும் போய்விடும். இதற்கெல்லாம் இவ்வளவு சேதாரம் என்று அனுமதி உண்டு. அதற்கு மேல் ஒரு கிலோ குறைந்தாலும் மேனேஜர் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். காலிச் சாக்குக்கும் கணக்கு உண்டு. தன் கடையில் எலி தின்றால் முதலாளி எலியைத் திட்டுவார். மேனேஜர் எலி தின்றதற்கு எழுத்தில் விளக்கம் கொடுப்பார்.

அதனால் அந்த வீட்டில் தீபாவளி, பொங்கல் போல மார்ச் 31ஆம் தேதியும் ஒரு நாள். அன்று இருப்பு எடுப்பு. கடையை அடைத்துவிட்டு ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்து, ஒவ்வொரு சோப்பையும் எண்ணி, இருப்புப் பதிவேட்டோடு சரிபார்க்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை அவர் மனைவி தூக்குவாளியில் கொடுத்துவிடுவார். மூத்த மகள் கொண்டு போவாள். போனவள் திரும்ப மாட்டாள். இரண்டு தம்பிகளும் தேடிக்கொண்டு போவார்கள், அவர்களும் திரும்ப மாட்டார்கள். அப்பா தட்டைப் பார்த்து எடை சொல்ல, மகள் சிலேட்டில் எழுத, தம்பிகள் பெட்ரோமாக்ஸைப் பிடித்துக்கொண்டு மூட்டை மூட்டையாக நகர்வார்கள். "எங்கப்பா எங்களோட ராத்திரி முழுக்க முழிச்சிருந்தது வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சார். எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வந்தது அங்கதான்" என்கிறார் மகள். அவர் இப்போது மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர்.

ஆனால் இந்த மாதிரி மனிதர்களைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாக ஒன்றை விட்டுவிடுகிறோம். அவர்கள் நேர்மைக்கு வீட்டில் இன்னொருவர் விலை கொடுத்திருப்பார். அதை அவர் மனைவி வாயாலேயே கேட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார்.

"ஸ்டோர் மேனேஜர் வீடுன்னு பேரு. எங்க வீட்டுக்குச் சீமெண்ணெய் கடைசியாத்தான் வரும். ஊர்ல எல்லாருக்கும் ஊத்தி மிச்சம் இருந்தா வரும். இல்லன்னா விறகுதான். மூத்தவளுக்குக் காது குத்தும்போது மடியில பிள்ளைய வச்சிக்கிட்டு இருக்கோம், சீமெண்ணெய் வண்டி வந்துட்டுன்னு ஆள் வந்தான். பாதியில எந்திச்சுப் போயிட்டாக. என் தம்பி அவுக இடத்துல உக்காந்தான். இப்பவும் அதைச் சொல்லிக் காட்டுவேன். சிரிப்பாக. போயிட்டாகளே, இனி யாருகிட்டச் சொல்ல."

வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். விற்பனையாளர் இருந்தார், கட்டுநர் இருந்தார். ஆனால் பீப்பாயை இறக்கும்போது அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுவதை அவர் யாரிடமும் விட மாட்டார். இதை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். அடுத்தவர் கையிலும் வேலையை ஒப்படைக்கத் தெரிய வேண்டும், அது அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 87ஆம் பிரிவின் பயமும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம், கடன். பீடிக்குப் பேர்போன பகுதி எங்களுடையது. பீடி சுற்றும் பெண்களுக்கு வாரக் கூலி. சனிக்கிழமை கையில் பணம் இருக்கும், புதன்கிழமை இருக்காது. அண்ணாச்சி கடையில் 'கணக்குல எழுதிக்கிடுங்க' என்றால் எழுதிக்கொள்வார். அந்த வசதிக்கு உண்டான காசு விலையில் ஏறியிருக்கும். கடன் வாங்குகிற கடையில் விலை கேட்க வாய் வராது, எடையைப் பார்க்கவும் கண் கூசும். ஸ்டோரில் விலை குறைவு, எடை சரி, ஆனால் ரொக்கம் மட்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டதற்கு அவர் சொன்ன கதையை நான் பின்னால் புத்தகங்களிலும் பார்த்தேன். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளிகள், அவர்களில் பலர் நெசவாளிகள், ஆளுக்கு ஒரு பவுன் போட்டு 1844 டிசம்பர் 21ஆம் தேதி சாயங்காலம் ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. அதற்கு முன்னால் இப்படித் தொடங்கிய கடைகளில் பல கடன் கொடுத்தே மூழ்கியிருந்தன. ஆகவே சரியான எடை, கலப்படமில்லாத சரக்கு, ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை என்று அவர்கள் விதி வைத்தார்கள். 1904இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் முதல் எங்கள் ஊர் ஸ்டோர் வரை எல்லாம் அந்த வழி வந்தவைதான். மேனேஜர் சார் ராச்டேல்காரர்களைப் பற்றிப் பேசினால் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களைச் சொல்வது போல இருக்கும். "அவங்க அன்னைக்குக் கடன் கொடுத்திருந்தா நமக்கு இன்னைக்கு ஸ்டோர் கிடையாது, பாத்துக்கோ."

சரி, புதன்கிழமை கையில் காசில்லாமல் வந்து நிற்கிற பெண்ணை என்ன செய்வது? பில் போடுவார். ரொக்க பில். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டு, ஒரு சின்னப் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்வார். சங்கத்துக்கு ரொக்கம் வந்துவிட்டது, விதி மீறவில்லை. அந்தப் பெண் இனி சங்கத்துக்குக் கடன்காரி இல்லை, மேனேஜருக்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் பணம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வராததும் உண்டு. அதையும் மனைவியிடம் கேட்டேன்.

"தெரியும். சம்பளத்துல குறையுமே, தெரியாம இருக்குமா? ஒருநாள் நோட்டை எடுத்து வச்சிக்கிட்டு, யாரு யாரு தரணும்னு சொல்லுங்க, நான் போய்க் கேக்கேன்னேன். நோட்டைப் பிடுங்கிட்டாக. பேரு எழுதலை அதுல, தெரு பேருதான் எழுதியிருந்துச்சு, யாரும் பாத்தாலும் தெரியக்கூடாதுன்னு. கோவம் வரத்தான் செஞ்சுது. எம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டணும்லா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த நோட்டில் போன பணம் மேனேஜரின் ஒரே சம்பளத்திலிருந்து போனது. அதற்கு அவர் மனைவியும் பங்குதாரர். தாராளமாகக் கொடுத்ததாக அவரை மட்டும் பாராட்டினால் கணக்கில் பாதி விடுபட்டுப் போகும்.

வீட்டுக்கு ஒன்றும் செய்யாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளி திறக்கும் ஜூனுக்கு நோட்டுப் புத்தகம், தீபாவளிக்குப் பட்டாசு என்று ஸ்டோருக்காக வருஷத்தில் இரண்டு முறை சிவகாசிக்குப் போவார். இரண்டுக்கும் ஒரே ஊர்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார், முறை வைத்து. பஸ் டிக்கெட் தன் காசில். ஸ்டோர் சரக்கிலிருந்து ஒரு நோட்டு எடுத்துக் கொடுக்க மாட்டார். ஆனால் அச்சகத்தில் தாள் வெட்டும்போது விழும் ஓரத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, வீட்டில் கோணி ஊசியால் தைத்து மூன்று பேருக்கும் கணக்கு நோட்டு செய்து கொடுப்பார். நீளமாக, ஒல்லியாக இருக்கும் அந்த நோட்டை வைத்துத்தான் வகுப்பில் அவர் பிள்ளைகளை அடையாளம் கண்டுபிடிப்போம். நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழா. ஏழு வண்ணக் கொடி ஏற்ற வேண்டும். கொடி சாயம் போய்விட்டால் மனைவியின் தையல் மிஷினில் ஏழு துணி சேர்த்துப் புதுக்கொடி வரும். அந்தத் துணிக்கு மட்டும் பில் வாங்கிச் சங்கத்தில் காசு வாங்கிக்கொள்வார். தையல் கூலி கேட்கவில்லை என்று மனைவி இப்போதும் சொல்கிறார்.

ஐம்பத்தெட்டில் ஓய்வு. ஊரார் கண்ணுக்கு அது சர்க்கார் உத்தியோகம். கூட்டுறவுச் சங்க ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், அந்த ஓய்வூதியமும் அவருக்குக் கிடையாது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து வந்தது மகளின் கல்யாணக் கடனுக்குச் சரியாக இருந்தது. மறுமாதமே ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனார். முதல் தடவையாக ஒரு முதலாளியிடம் வேலை. ஆளுக்கு ஆள் கணக்கு மாறுவது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. பிறகு வீட்டுத் திண்ணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஸ்டோர் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பாக்கெட்டில் வரும் பருப்புக்குப் பொட்டலம் தேவையில்லை. எரிவாயு வந்தபின் மண்ணெண்ணெய் வரிசையும் இல்லை. ஊருக்கு வெளியே கண்ணாடிக் கதவு வைத்த பெரிய கடை வந்தது. அங்கே விலை எழுதிய பலகைக்குப் பதில் அட்டையில் கறுப்புக் கோடுகள். நான் அதற்காக அழ மாட்டேன். ஸ்டோரில் பல நாள் சரக்கே இருக்காது, இருப்பது மட்டமாக இருக்கும், அதை நாங்கள் திட்டியிருக்கிறோம். கரும்பலகையில் 'இருப்பு இல்லை' என்பதைத்தான் அதிகம் படித்திருப்போம். ஆனாலும் எடையைப் பற்றிச் சந்தேகமே இல்லாமல் பை தூக்கி வந்த ஒரு கடை எங்களுக்கு இருந்தது. அதை ஒரு மனிதர் தினமும் காலையில் போய்த் திறந்து உண்டாக்கினார், அதுவாக நடக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பீடி சுற்றிய ஒரு பாட்டி வந்திருந்தார். மேனேஜர் சார் மகளிடம் ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "உங்கப்பாவுக்கு ஒரு வாரம் கொடுக்காம விட்டுட்டேன்" என்றார். எந்த வருஷத்து வாரம் என்று அவருக்கே தெரியவில்லை. மகள் வாங்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா வந்து வாங்கிக்கொண்டார். "கணக்குன்னா கணக்குதான். இரு, சாப்பிட்டுட்டுப் போ" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த இதழில் நான்கு பக்கங்களை வாசகர்களுக்கு ஒதுக்குகிறோம். உங்கள் ஊரில் பிறருடைய கடையை, மில்லை, நூலகத்தை, மருந்தகத்தை நடத்தி ஓய்வு பெற்றவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். நல்லவர், வல்லவர் என்று மட்டும் எழுதினால் வெளியிட இயலாது. காலையில் வந்ததும் முதலில் எதைச் செய்வார், எதற்குக் கோபப்படுவார், அவர் வீட்டார் அவரைப் பற்றி என்ன குறை சொல்வார்கள் என்று எழுதுங்கள். தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, இன்லண்ட் கடிதத்தில் கையால் எழுதினாலும் படித்துவிடுவோம். பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் சொன்னால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்